மறு: ஸ்தில்யாகி – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சிற்றிதழுக்காக, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சோவியத் இளைஞர்களைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 1940களின் கடைசியிலிருந்து 1960களின் தொடக்கம் வரை மாஸ்கோ, லெனின்கிராட் தெருக்களில் பளிச்சென்ற கோட்டும் தூக்கிச் சீவிய முடியும் தடித்த அடி வைத்த பூட்ஸுமாகத் திரிந்த கூட்டத்தைப் பற்றியது. ரஷ்யத்தில் அவர்களுக்கு ‘ஸ்தில்யாகி’ என்று பெயர். ஒருவர் என்றால் ஸ்தில்யாகா.

கட்டுரையில் பத்திக்குப் பத்தி இந்தச் சொல் வருகிறது. முதல் வரைவில் ‘எதிர்ப்பண்பாட்டு இளைஞர்’ என்று போட்டேன். இதழாசிரியர் படித்துவிட்டு, ‘ஏதோ கட்சி அறிக்கை மாதிரி இருக்கிறதே’ என்றார். ‘ஸ்டைல்காரர்கள்’ என்று மாற்றினேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

ந.

— — —

> முதல் வரைவில் ‘எதிர்ப்பண்பாட்டு இளைஞர்’ என்று போட்டேன்.

உங்கள் ஆசிரியருக்குக் காது நன்றாகவே கேட்கிறது, ந. அந்தத் தொடர் இங்கே பொருந்தாது. ஏன் என்று சொல்ல, சொல் பிறந்த கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்தில்யாகா என்ற சொல்லை நாடறியச் செய்தது ஒரு நகைச்சுவைப் பத்திரிகை. பெயர் ‘க்ரகதீல்’, அதாவது முதலை. 1949 மார்ச் 10 இதழில், ‘மறைந்துகொண்டிருக்கும் வகையினர்’ என்ற வரிசையில் பெல்யாயெவ் என்பவர் எழுதிய நையாண்டிக் கட்டுரைக்குத் தலைப்பே இதுதான். மாணவர் மன்ற நடனத்துக்கு ஒரு பையன் வருகிறான். கோட்டின் முதுகு ஆரஞ்சு, கைகள் பச்சை. மஞ்சளும் பட்டாணிப் பச்சையும் கலந்த நிறத்தில் தொளதொள கால்சட்டை. கறுப்பு லாக்கரும் சிவப்புத் தோலும் சேர்த்துத் தைத்த பூட்ஸ். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்த வகையறாக்கள் தங்கள் பறவை பாஷையில் தங்களையே இப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்று கட்டுரை சொல்கிறது. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அவர்கள் ஒருவரையொருவர் ‘சுவாக்’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். நம் ஊர் ‘மச்சி’க்கு அச்சு அசலான இணை. பெண்ணுக்குச் ‘சுவீகா’. ஸ்தில்யாகா என்பது பெரும்பாலும் அடுத்தவர் வாயிலிருந்து அவர்கள் மேல் விழுந்த சொல்.

இசைக்காரர்களின் கொச்சையில் ‘ஸ்தில்யாத்’ என்றால் இன்னொருவரின் வாசிப்புப் பாணியைக் காப்பியடிப்பது, அங்கிருந்துதான் இது வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அப்படியானால் சொல் பிறக்கும்போதே ‘இது உன் சொந்தச் சரக்கில்லை’ என்ற இளக்காரம் கூடவே பிறந்திருக்கிறது.

இப்போது சொல்லைப் பிரியுங்கள். முன்பாதி ‘ஸ்தீல்’, அதாவது ஸ்டைல். அது ரஷ்யத்திலும் வந்தேறிச் சொல்தான். விஷயம் இருப்பது பின்பாதியில். ‘-யாகா’ என்ற ஒட்டு ரஷ்யத்தில் சும்மா வராது. பெத்னியாகா என்றால் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லத் தோன்றும் ஆள். ரபத்யாகா என்றால் உழைத்து உழைத்து ஓடாகிறவன். 1954இல் ராஜ் கபூரின் ‘ஆவாரா’ சோவியத் திரையரங்குகளில் ஓடு ஓடென்று ஓடியதே, அதற்கு ரஷ்யத்தில் வைத்த பெயர் ‘ப்ரத்யாகா’, ஊர்சுற்றி. அதே ஒட்டு. இரக்கமும் இளக்காரமும் கொஞ்சம் செல்லமும் கலந்த ஒட்டு.

தமிழில் இதற்குப் பஞ்சமா? ஓட்டாண்டியில் ஓர் ஆண்டி இருக்கிறார். சாப்பாட்டுராமனில் ஒரு ராமன். தூங்குமூஞ்சி, முடிச்சுமாறி, ஊர்சுற்றி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வசைபாடுவதில் நம் முன்னோர் யாருக்கும் இளைத்தவர்களில்லை. ஆனால் கலைச்சொல் ஆக்க உட்கார்ந்தால் மட்டும் ‘-இயல்’, ‘-ஆளர்’, ‘-ஆக்கம்’ மூன்றையும் விட்டால் நமக்கு வேறு ஒட்டே தெரியாத மாதிரி நடந்துகொள்கிறோம்.

எதிர்ப்பண்பாடு ஏன் ஆகாது என்கிறேன்? அந்தக் கருத்து அமெரிக்காவில் உருவானது. 1960இல் யிங்கர் என்ற சமூகவியலாளர், பெரிய பண்பாட்டின் ஒரு கிளையாக இருப்பதையும் அதன் விழுமியங்களோடு நேருக்கு நேர் மோதுவதையும் பிரித்துக் காட்டினார். இரண்டாவதைப் பரவலாக்கியது 1969இல் வந்த தியோடர் ரோசாக்கின் நூல். வியட்நாம் போரை எதிர்த்த மாணவர்கள், ஹிப்பிகள் பற்றிய பேச்சு அது. எதிர்ப்பு என்ற சொல் அவர்களுக்குத் தகும். ஸ்தில்யாகாவிடம் கொள்கை அறிக்கை கிடையாது. சங்கம் இல்லை, தலைவர் இல்லை, கோரிக்கையும் இல்லை. நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், நடனம் ஆட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. அவனை எதிரியாக்கியது எதிர்த்தரப்பு. ‘எதிர்ப்பண்பாட்டினர்’ என்று நாம் எழுதினால் முதலைப் பத்திரிகையின் குற்றச்சாட்டை அப்படியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம்.

‘ஸ்டைல்காரர்’ தோற்பதற்குக் காரணம் வேறு. தமிழில் ஸ்டைல் இப்போது பாராட்டு. ‘செம ஸ்டைலு’ என்றால் யாராவது கோபித்துக்கொள்வார்களா? விசிலடிப்பார்கள். ‘மைனர்’ என்ற சொல்லில் இளக்காரம் உண்டு, ஆனால் கூடவே பண்ணையும் சங்கிலியும் வந்து ஒட்டிக்கொள்ளும். மாஸ்கோ பையனுக்கு எந்தப் பண்ணை? மேலிடத்துப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள்தான், ‘தங்க இளைஞர்’ என்று அவர்களைத் தனியாகவே கேலி செய்தார்கள். மற்றவர்கள் பழைய சாமான் விற்கும் கடையில் பொறுக்கியதையும் வீட்டில் வெட்டித் தைத்ததையும் போட்டுக்கொண்ட மாணவர்கள்.

என் பரிந்துரை: ஒய்யாரி. அதிகாரம், அதிகாரி, வியாபாரம், வியாபாரி, ஒய்யாரம், ஒய்யாரி. ‘ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருப்பது ஈறும் பேனுமாம்’ என்று நம் கிழவிகள் சொன்னதும் முதலைப் பத்திரிகை நான்கு பத்தியில் சொன்னதும் ஒன்றேதான். அதிலும் கொண்டைதான் முதல் குற்றம்! ஸ்தில்யாகாவின் அடையாளம் நெற்றிக்கு மேல் எண்ணெய் போட்டு உயர்த்திச் சுருட்டிய முடி. ரஷ்யத்தில் அதற்குக் ‘கோக்’ என்று பெயர். தயங்காமல் ‘முன்கொண்டை’ என்று எழுதுங்கள்.

கட்டுரையில் வரப்போகும் மற்றச் சொற்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தடித்த வெள்ளை ரப்பர் அடி வைத்த பூட்ஸுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ரவைக்கஞ்சி’. பார்க்க அப்படித்தான் இருக்கும். இதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடாதீர்கள். சோவியத் குழந்தைகளுக்குப் பள்ளியிலும் வீட்டிலும் ஊட்டிய ரவைக்கஞ்சியைக் காலுக்கு அடியில் போட்டு மிதித்துக்கொண்டு நடந்தார்கள் என்று நான் ரசித்துக்கொள்வேன், அவர்கள் அப்படி நினைத்தார்களோ இல்லையோ. கண்ணைப் பறிக்கும் பூப்போட்ட, குரங்கும் பனைமரமும் போட்ட டைக்குக் ‘காட்டுத்தீ’ என்று எழுதுவது எளிது. மூலத்தில் ‘அடர்காட்டில் நெருப்பு’ என்று விரிவாகவே இருக்கும்.

‘ப்ரோத்’ என்று வந்தால் அது நியூயார்க்கின் பிராட்வே வீதிப் பெயரின் சுருக்கம். மாஸ்கோவில் கார்க்கி தெருவில் ஒரு துண்டு, லெனின்கிராடில் நெவ்ஸ்கி வீதியில் ஒரு துண்டு. சாயங்காலமானால் அங்கே மேலும் கீழும் நடப்பார்கள். எதற்கு? நடக்கத்தான். வாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. கார்க்கி தெருவில் காக்டெயில் ஹால் என்று ஒரு மதுக்கூடம் இருந்தது, காசு இருந்தால் அங்கே போவார்கள்.

கடைசியாக எனக்குப் பிடித்தது. அயல்நாட்டு இசைத்தட்டுகள் கடையில் கிடைக்காது. லெனின்கிராடில் 1946வாக்கில் நெவ்ஸ்கி வீதியில் ஒரு ஒலிப்பதிவுக் கடை திறந்தார்கள். போரில் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பதிவு இயந்திரம். சொந்தக் குரலில் ‘பேசும் கடிதம்’ பதிந்து தருவதாகத்தான் பலகை. உள்ளே நடந்தது வேறு வியாபாரம். அந்த இயந்திரத்தைப் பார்த்து ருஸ்லான் பகஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர் தானே ஒன்றைச் செய்தார். தட்டுக்குப் பொருள் வேண்டுமே? மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்களை வாங்கி, வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட் நெருப்பால் ஓட்டை போட்டு, அதில் பாட்டை வெட்டினார்கள். நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கம் மட்டும். கொஞ்ச நாளிலேயே தேய்ந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்பு தெரியும். ஜாஸ் மட்டுமல்ல, நாட்டைவிட்டுப் போன பியோத்தர் லெஷ்சென்கோ பாடிய டாங்கோ பாடல்களும் இப்படித்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. பகஸ்லோவ்ஸ்கி இதற்காக ஒன்றுக்கு மேற்பட்ட முறை சிறை சென்றார்.

‘விலாவில் இசை’, ‘எலும்பில் இசை’ என்று அவர்கள் சொன்னார்கள். நம்மிடம் இசைத்தட்டு என்ற சொல் தயாராக இருக்கும்போது நமக்கு வேலை பாதி: விலாத்தட்டு.

செ.

— — —

அன்புள்ள செ. அவர்களுக்கு,

நீண்ட மடலைச் சுவைத்துப் படித்தேன். விலாத்தட்டுக்கு என் ஓட்டு உடனே உண்டு. ஒய்யாரிக்கு இல்லை.

முதலாவது, கலைச்சொல் என்பது தராசு மாதிரி இருக்க வேண்டும். புகழவும் கூடாது, இகழவும் கூடாது. 1949இல் ஒரு பத்திரிகை இழிவுபடுத்தியது என்பதற்காக இன்றைக்குத் தமிழில் நாமும் ஏன் அதே பழியைச் சுமத்த வேண்டும்? அந்தப் பையன்களில் பலர் இன்று தாத்தாக்கள்.

இரண்டாவது, அதிகாரி வியாபாரி எல்லாம் வடமொழி வாய்பாடு. ஒய்யாரமோ தெலுங்கின் வய்யாரத்தோடு உறவுடையது. தெலுங்கில் வய்யாரி என்றால் ஒயிலான பெண். ஆண் பிள்ளைகளின் கூட்டத்துக்கு அந்தப் பெயரா?

மூன்றாவதுதான் முக்கியம். இது ரஷ்யாவில் மட்டும் நடந்த கூத்தில்லை. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் டெடி பாய்ஸ் இருந்தார்கள். எட்வர்ட் மன்னர் காலத்துக் கோட்டை உழைக்கும் வர்க்கத்துப் பையன்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், எட்வர்ட் சுருங்கி டெடி ஆனது. போலந்தில் ‘பிகினியாஷெ’ என்றார்கள், அணுகுண்டு வெடித்துப் பார்த்த பிகினித் தீவின் பெயரால். ஹங்கேரியில் ‘யம்பெத்ஸ்’. ஜப்பானில் 1956ஐ ஒட்டிச் ‘சூரியக் கூட்டம்’. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு வசைச்சொல் தேடிக்கொண்டிருந்தால் அகராதி முடியுமா?

என் முன்மொழிவு: கோலம் என்ற பழஞ்சொல்லை எடுத்துக்கொள்வோம். உடையும் ஒப்பனையும் தோற்றமும் அதில் அடங்கும். உடையாலும் நடையாலும் தன்னைப் பிரித்துக்காட்டும் எந்தக் கூட்டமும் ‘கோலக்குழு’. அதன் உறுப்பினர் ‘கோலவர்’. மாஸ்கோ கோலவர், லண்டன் கோலவர் என்று எழுதிக்கொண்டு போகலாம்.

அன்புடன்
இரா.

— — —

வணக்கம். வழக்கமாக நான் படிப்பதோடு சரி. தையல் கடை வைத்திருப்பவள் என்பதால் இந்த இழையில் வாய் திறக்கிறேன்.

இரா. ஐயா, ‘ஆண் பிள்ளைகளின் கூட்டத்துக்கு அந்தப் பெயரா’ என்று கேட்டீர்கள். எனக்கு ஒய்யாரி பிடித்ததே அதனால்தான். யோசித்துப் பாருங்கள். மினுக்கி, தளுக்கி, குலுக்கி, ஒய்யாரி. உடுத்துவதற்காக ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் தமிழில் இருக்கிற சொற்கள் முக்கால்வாசி பெண்ணை நோக்கித்தான். ஆணுக்கு மைனர் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்தில்யாகியில் பெண்கள் குறைவு என்று படித்திருக்கிறேன். இருந்தவர்களுக்குப் பேச்சு இரண்டு பங்கு விழுந்தது, உடையைவிட்டு ஒழுக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்த முதலைக் கட்டுரையிலேயே பையனோடு வரும் பெண்ணைப் பொம்மை மாதிரிதானே காட்டியிருக்கிறார்கள்?

ரஷ்யம் படித்த என் தங்கையிடம் கேட்டேன். ஸ்தில்யாகா இரு பாலுக்கும் பொதுவான சொல்லாம். அவன் ஸ்தில்யாகா, அவள் ஸ்தில்யாகா. ‘-அன்’ போட்டுத் தொடங்கினால் அது போய்விடும். தூங்குமூஞ்சிக்கு ஆண்பால் பெண்பால் உண்டா? அதே மாதிரி ஒய்யாரியும் இருக்கட்டும்.

இனி என் தொழில் சம்பந்தமாக ஒன்று. 1949 கட்டுரையில் கால்சட்டை தொளதொள என்று செ. எழுதியிருக்கிறார். ஆனால் ஸ்தில்யாகி என்று தேடினால் வருகிற கேலிப்படங்களில் எல்லாம் காலோடு ஒட்டிய கால்சட்டை. தவறு என்று நினைத்தேன். தவறில்லை. முதலில் அகலம், 1950களின் நடுவில் ஒடுக்கம். அந்த ஒடுக்கமானதை ரஷ்யத்தில் ‘சிறுகுழல்’ என்பார்களாம். நம் ஊரிலேயே அதற்குப் பெயர் உண்டு: குழாய் பேண்ட். ந., நீங்கள் ‘இறுக்கமான கால்சராய்’ என்று எழுதிவிடாதீர்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஐயாவின் கோலவர் ஒரு கோலத்தைக் குறிக்கிறது. இவர்கள் கோலம் ஐந்தாறு வருஷத்தில் தலைகீழாக மாறியது. மாறாமல் இருந்தது ஒன்றுதான்: ஊர் எதைப் போட்டதோ அதைப் போடாமல் இருந்தது. ஊர் அகலத்துக்கு வந்தால் இவர்கள் குழாய்க்குப் போனார்கள். அப்புறம் ரோந்து வந்த இளைஞர் படை கத்தரிக்கோலால் அந்தக் கால்சட்டையைத்தான் கிழித்தது. அளவெடுத்துத் தைத்த ஒன்றை நடுத்தெருவில் வெட்டுவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று என்னைப் போல் ஊசி பிடித்தவர்களுக்குத் தெரியும்.

க.

— — —

க. சொன்னதற்குப் பிறகு எனக்கு வேலை குறைந்துவிட்டது. அக்கா, இத்தனை நாள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?

இரா. ஐயாவுக்கு, மரியாதையோடு.

வாய்பாடு பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் காட்டிய எடுத்துக்காட்டு தவறானது. ஊர்சுற்றி, வாயாடி என்ற நம் சொற்கள் வினையிலிருந்து வருகின்றன, ஒய்யாரம் பெயர்ச்சொல். இலக்கணப்படி ஒய்யாரி கொஞ்சம் நொண்டுகிறது. ஆனால் ஸ்தில்யாகாவும் அப்படி ஒரு கலப்புதான் ஐயா: அயல் வேர், உள்ளூர் ஒட்டு. அந்த நொண்டல் எனக்கு இடிக்கவில்லை.

> கலைச்சொல் என்பது தராசு மாதிரி இருக்க வேண்டும்.

இங்கேதான் உங்களோடு முரண்படுகிறேன். ‘கோலக்குழு’ தராசு. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். டெடி பாய்ஸ், சூரியக் கூட்டம், இவர்கள் எல்லோரையும் ஒரே பேச்சில் சொல்லும்போது அதைவிட நல்ல சொல் என்னிடம் இல்லை. ஆனால் ஸ்தில்யாகா கலைச்சொல்லாகப் பிறக்கவில்லை. பட்டப்பெயராகப் பிறந்தது. பட்டப்பெயரைத் தராசில் வைத்து நிறுத்து, அழுக்கு நீக்கி, வெள்ளை வேட்டி கட்டி அனுப்பினால், கட்டுரையைப் படிக்கிறவருக்கு அந்தப் பையன்களைப் பார்த்து ஏன் ஊரே சிரித்தது என்று புரியாது. பிகினியாஷெயும் கேலிதான், டெடியும் கொஞ்சம் அப்படித்தான். நீங்கள் அடுக்கிய பட்டியலே என் பக்கம் சாய்கிறது.

தாத்தாக்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர்களில் பலர் பின்னாளில் அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். அலெக்சேய் கஸ்லோவ் என்ற சாக்ஸபோன் கலைஞர் இருக்கிறார், 1935இல் பிறந்தவர். பின்னால் ‘அர்செனால்’ என்ற ஜாஸ்-ராக் குழுவைத் தொடங்கியவர். தான் ஸ்தில்யாகாவாகத் திரிந்த காலத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நம் குழுமத்துக்கே கொஞ்சம் சுடும். 1949 சாதாரண ஆண்டில்லை. அயலானது எதுவும் தேசத்துரோகம் என்று பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம். அப்போது அங்கேயும் கலைச்சொல் ஆக்கம் மும்முரமாக நடந்தது! ‘பிரெஞ்சு பன்’ என்று விற்ற ரொட்டி ‘நகர பன்’ ஆயிற்று. பிரெஞ்சு மல்யுத்தம் செவ்வியல் மல்யுத்தம் ஆனது. லெனின்கிராடில் ‘நோர்த்’ என்ற காபிக் கடை, அதே பொருளில் ‘சேவெர்’ என்று ரஷ்யப் பெயர் சூட்டிக்கொண்டது. ஃபாக்ஸ்டிராட் நடனத்தை ‘வேக நடனம்’ என்றும் டாங்கோவை ‘மெது நடனம்’ என்றும் அறிவிப்பார்கள். ஜாஸ் என்ற சொல்லே கூசியது, ‘மெல்லிசைக் குழு’ என்பதற்கு ஒப்பான பெயரில்தான் வாத்தியக்காரர்கள் வேலை பார்த்தார்கள். ரொட்டி அதே ரொட்டி, காலடி அதே காலடி.

தமிழில் பெயர் மாற்றும் நாம் யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை, ஒப்பிடுவது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த நகர பன்னை நினைத்தால் ‘தூய’ என்று தொடங்கும் மடல் எழுத எனக்குக் கை வருவதில்லை. ஸ்தில்யாகி செய்தது அதற்கு நேர்மாறு. கிடைத்த அயல்சொல்லை எல்லாம் ரஷ்ய வேற்றுமை உருபு போட்டு விழுங்கினார்கள். பூட்ஸுக்கு ‘ஷூசி’ என்றார்கள். ஷூஸ் ஏற்கெனவே பன்மை, அதற்கு மேல் ரஷ்யப் பன்மை. நாம் ‘பூட்ஸுகள்’ என்று சொல்வதில்லையா, அதே கதை. கட்டுரையில் இந்த மாதிரிச் சொற்கள் வந்தால் தமிழாக்காதீர்கள், ந. அப்படியே விடுங்கள். அவர்கள் பேச்சின் ருசியே அந்தக் கலப்பில்தான் இருக்கிறது.

ஜாஸை எதிர்த்து அந்தக் காலத்தில் போட்ட கோஷத்தை எப்படி மொழிபெயர்த்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ‘இன்றைக்கு ஜாஸ் வாசிக்கிறான், நாளைக்குத் தாய்நாட்டை விற்பான்’ என்று உரைநடையில் போட்டால் செத்துவிடும். மூலத்தில் எதுகை உண்டு, குழந்தைப் பாட்டு போலத் துள்ளும். என் முயற்சி:

இன்றைக்கு வாசிப்பான் ஜாஸு,
நாளைக்குத் தேசமே காசு!

நாட்டை விற்றுக் காசாக்குவான் என்ற பொருள் வந்துவிட்டது என்று நம்புகிறேன். மூலத்தைவிட ஒரு பிடி குறும்பு கூடிவிட்டது, மன்னிக்கவும்.

கட்டுரை 1957 மாஸ்கோ உலக இளைஞர் விழாவோடு முடிகிறதா? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், எல்லோரும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். 131 நாடுகளிலிருந்து 34,000 பேர் இரண்டு வாரம் வந்து இறங்கினார்கள். பையன்கள் அதுவரை அயல்நாட்டானை நேரில் பார்த்ததே இல்லை. போரில் ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிப் பிறகு திரையிட்ட அயல்நாட்டுப் படங்களில் பார்த்ததுதான். டார்ஸான் படம் பார்த்து முடி வளர்த்தார்கள், ஒரு படத்தில் கிளென் மில்லர் குழு வாசித்த ரயில் பாட்டை இங்கிலீஷ் புரியாமலே மனப்பாடம் பண்ணினார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்ட ஒரு கற்பனை அமெரிக்காவைத்தான் இத்தனை நாளும் உடுத்தியிருந்தார்கள். விழாவில் வந்து இறங்கியவர்களோ பலர் சாதாரணச் சட்டையில் இருந்தார்கள். கிட்டத்தட்ட அதிலிருந்து சொல்லுக்கு வலு குறைந்துவிட்டது. 1960கள் வந்தபோது குழாய் பேண்டைக் கடையிலேயே விற்றார்கள், ஊரே போட்டுக்கொண்டது. எல்லோரும் போட்டால் யாரை ஒய்யாரி என்பது?

அதனால், ந., என் கணக்கு இது. முதல் முறை வரும்போது ஸ்தில்யாகா என்று ஒலிபெயர்த்து, ‘ஒய்யாரி என்று தமிழில் சொல்லலாம்’ என்று ஒரு வரி. பிறகு கட்டுரை முழுக்க ஒய்யாரி, பன்மைக்கு ஒய்யாரிகள். ‘ஸ்தில்யாகிகள்’ என்று எழுதிவிடாதீர்கள், ஸ்தில்யாகி ஏற்கெனவே பன்மை. பூட்ஸுகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இதற்கு மட்டும் பிடிவாதமா என்று கேட்காதீர்கள்.

செ.

— — —

செ. அவர்களுக்கு: ஒய்யாரி என்னும் மகவைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் கோலக்குழுவுக்கு நான்தான் தகப்பன் என்று எங்காவது எழுதி வைக்கவும். ‘நாளைக்குத் தேசமே காசு’ தளை தட்டவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இரா.

— — —

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அனுப்பிவிட்டேன்.

ஒய்யாரியை ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுவிட்டார், அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு. விலாத்தட்டைத் தலைப்புக்கே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். முன்கொண்டை, காட்டுத்தீ, குழாய் பேண்ட் எல்லாம் தேறின. ‘ரவைக்கஞ்சி பூட்ஸ்’ பக்கத்தில் மட்டும் மெய்ப்புப் பார்ப்பவர் பெரிய கேள்விக்குறி போட்டு, ‘ரப்பர் கஞ்சி?’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.

செ., கட்டுரை 1957இல் முடியவில்லை. கடைசிப் பத்தியில் ‘ஷ்தாத்னிக்’ என்று ஒரு கூட்டம் வருகிறது, அமெரிக்க உடையைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்கிற ஒய்யாரிகளாம். அமெரிக்காவுக்கு அவர்கள் வைத்த ‘ஷ்தாத்தி’ என்ற செல்லப்பெயரிலிருந்து வந்த சொல். தற்போதைக்கு ஒலிபெயர்த்தே விட்டிருக்கிறேன். மெய்ப்பு திங்கட்கிழமை வருகிறது.

ந.